இரண்டு கோடு, இரண்டு வட்டம்

மாமா இறந்துவிட்டார் என்று சொன்னபோது அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"டாக்டர் வந்து சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார்."

"அப்போ சரி," என்று சொல்லிவிட்டு அடுப்பு மேடையைத் துடைக்கப் போய்விட்டாள்.

வெளியாள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் இதில் ஒன்றும் தப்பாகத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும், அது குத்தல். மாமா சுரங்கத்தின் மீட்புக்குழுவில் இருந்தவர். உள்ளே தீப்பிடித்தாலோ நச்சுக்காற்று பரவினாலோ எல்லாரும் வெளியே ஓடி வருவார்கள், ஐந்து பேர் மட்டும் முதுகில் ஆக்ஸிஜனைக் கட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். நான்கு பேருக்கு வழி பார்ப்பது, கல் புரட்டுவது, ஆளைத் தூக்குவது என்று வேலை. ஐந்தாவது ஆள் விழுந்து கிடப்பவனுக்கு மூச்சு கொடுக்க. மெடிக் என்று அவர்கள் சொல்கிற அந்த ஐந்தாவது ஆள்தான் மாமா.

கீழே யாரையும் 'செத்துட்டான்' என்று சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தாலும், மேலே டாக்டர் பார்த்துச் சொல்கிறவரை மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே வர வேண்டும். "என் கையில இதுவரைக்கும் ஒருத்தரும் செத்ததில்ல. எல்லாரும் டாக்டர் கையிலதான் செத்தாங்க" என்று மாமா சொல்லிச் சிரிப்பார். என் அப்பாவும் டாக்டர் கையில்தான் செத்தார். அதற்குக் காரணம் மாமா என்று அம்மா நம்பினாள். இருபத்தொரு வருடமாக அவளுக்கு அவர் தம்பி இல்லை. 'அவன்', இல்லாவிட்டால் 'அந்த ஆளு'. அத்தை 'அவன் பொண்டாட்டி'.

நானும் நம்பினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாமாவைச் சுரங்கத்தில் துருத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மூச்சுப் பை ஒரு கால்பந்தில் பாதி அளவு இருக்கும், தடித்த ரப்பர். ஒரு பக்கம் ஆக்ஸிஜன் உருளையின் குழாய், இன்னொரு பக்கம் முகத்தில் கவிழ்க்கும் மூடி. அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் பை நிரம்பும். கேட்க எளிது. வேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குப் போய்விடும், மெதுவாக அமுக்கினால் போதாது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், குனிந்தபடி, ஸ்ட்ரெச்சரோடு நடந்தபடி, தாளம் தப்பாமல் செய்ய வேண்டும். அதற்காக மாமா வீட்டிலும் பழகினார். டிவி பார்க்கும்போது மடியில் தலையணை இருக்கும். வலது கை அதன் முனையைப் பிடித்திருக்கும். "ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அமுக்கு. ஒன்னு, ரெண்டு..."

"இந்த வீட்டுத் தலையணைக்கெல்லாம் மூச்சு குடுத்துக் குடுத்தே பஞ்சு போச்சு. எனக்குத்தான் மூச்சு விட நேரமில்ல" என்பாள் அத்தை.

ஆட்களைப் பார்த்தவுடன் மூச்சை எண்ணுவது அவருக்குப் பழக்கம். எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டே மார்பைப் பார்ப்பார். "குட்டி, உனக்கு நிமிஷத்துக்கு இருபது. உங்கப்பாவுக்குப் பதினாலு, சோம்பேறி மூச்சு. எங்கக்காவுக்குச் சாதாரணமா பதினாறு, மச்சான் லேட்டா வந்தா முப்பது." அப்பா சிரிப்பார். அப்போதெல்லாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைத் துடைக்கிறவர்கள்.

பகை வந்தது ஒரு தகர டப்பாவால். சுரங்கத்துக்குள் போகிற ஒவ்வொருவரும் இடுப்பில் ஒரு டப்பா மாட்டிக்கொள்ள வேண்டும். புகை வந்தால் அதைத் திறந்து வாயில் வைத்து ஒரு மணி நேரம் மூச்சு விடலாம். இரண்டு கிலோ கனம், இடுப்பெலும்பில் உரசிப் புண்ணாக்கும். அப்பா அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சுரங்க வாசலில் சோதனைக்கு நின்றவர் மாமா. எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்குப் பத்து நாள் சஸ்பென்ஷன்.

அப்பா எங்கள் வீட்டு முன்னறையில் நின்று கத்தியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பொண்ணு எடுத்த வீடுன்னு நினைச்சேன். போலீஸ் ஸ்டேஷன்னு தெரியாமப் போச்சு!"

மாமா அமைதியாகத்தான் சொன்னார். "பத்து நாள் வீட்டுல உக்காந்தா எங்கக்கா உங்களைத் திட்டுவா மச்சான். டப்பா இல்லாம உள்ள போனா எங்கக்கா அழுவா. எது பரவாயில்லன்னு நீங்களே சொல்லுங்க."

"நீ எனக்கு மூச்சு குடுக்க வேண்டாம். எம் மூச்சை நான் பாத்துக்கறேன்."

இந்தக் கடைசி வரியைத் தெருவே கேட்டது. எட்டு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா அப்பா பக்கம்.

எட்டு மாதம் முடிந்த ஒரு புதன்கிழமை காலை, சுரங்கத்தின் உள்வழி ஒன்றில் கன்வேயர் பெல்ட் தீப்பிடித்தது. அந்தப் பக்கம் இருந்தவர்களில் இருவரைத் தவிர எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். மாமாவின் குழு உள்ளே போனது. ஒன்றே கால் மணி நேரம் கழித்து ஒருவரை உயிரோடு கொண்டு வந்தார்கள். அவர் அப்பா இல்லை. அன்று ஒரு மணி நேரம் தாமதமாக வேலைக்கு வந்த ஒரு தொழிலாளி. அதற்குப் பிறகு எல்லாரும் அவரை 'லேட்டு' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்பாவை நாற்பது நிமிடம் கழித்து இரண்டாவது குழு தூக்கி வந்தது. டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார்.

மறுநாள் எங்கள் வீடு நிறைய ஆட்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா அந்தக் காலையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பன்னிரண்டு வயது, அவள் முழங்கையை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மாமா வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். "அக்கா, ஒன்னு சொல்லணும்" என்றார்.

அம்மா திரும்பவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் பேசிக்கொண்டே இருந்தாள். "ரெண்டு நாளா தலை லைட்டு மினுக்குதுன்னு சொன்னார். எதுக்கு வம்பு, மாத்திக்கிட்டுப் போங்க, இருட்டுல எங்கயாவது விழுந்து வைக்கப்போறீங்கன்னு சொன்னேன். சரின்னு தலையை ஆட்டிட்டுப் போனாரே, டப்பாகூட மாட்டிக்கிட்டுத்தானே போனார், எல்லாம் ஒழுங்காத்தானே பண்ணி அனுப்பினேன்..."

மாமா கேட்டுக்கொண்டு நின்றார். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு மூடியது. செருப்பை மாட்டிக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அறையில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள். சற்று நேரம் கழித்து அம்மா கேட்டாள்: "என்ன சொல்ல வந்தான்?"

யாருக்கும் தெரியவில்லை. "முகத்தைப் பாத்தியா?" என்றது ஒரு குரல். "பேய் அறைஞ்ச மாதிரி இருந்துச்சு." அங்கேதான் விதை விழுந்தது.

அதற்குத் தண்ணீர் ஊற்றியது விசாரணை அறிக்கை. அதோடு ஒரு வரைபடத்தை இணைத்திருந்தார்கள். உள்வழியின் இரண்டு சுவர்கள், நடுவே இரண்டு வட்டங்கள். மீட்புக்குழு வந்த திசைக்கு ஓர் அம்புக்குறி. முதல் வட்டம் அப்பா. அவரைக் கடந்து நான்கு எட்டு வைத்தால் இரண்டாவது வட்டம், லேட்டு. 'முதலில் யாருக்கு மூச்சுப் பை வைத்தீர்கள், ஏன்?' என்று மாமாவைக் கேட்டிருந்தார்கள். 'கிட்டத்தில் இருந்தவருக்கு வைத்தேன்' என்று பதில் சொல்லியிருந்தார். கேட்டவர்கள் அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அம்மா போகவில்லை. விரலை அம்புக்குறியில் வைத்து மெதுவாக நகர்த்தினாள்.

"உங்கப்பாவைத் தாண்டிப் போயிருக்கான்டி."



மூன்று மாதத்தில் மாமாவை மீட்பு நிலையத்தில் பயிற்சியாளராக்கினார்கள். "வாயை மூடினதுக்குப் பரிசு" என்றாள் அம்மா. யாருக்காக எதை மூடினார் என்று அவளுக்கே தெரியாது, ஆனாலும் அது பொருந்தியது. சந்தேகம் என்று வந்துவிட்டால் எல்லாமே பொருந்தும். என் பரீட்சை நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே சைக்கிளோடு நிற்பார். நான் பார்த்தால் பஞ்சர் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வார். "நாம எங்கயாவது எழுதிப் போட்டுடுவோமோன்னு வேவு பாக்கறான்" என்றாள் அம்மா. நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் நின்ற தேதிகளைக் குறித்து வைத்தேன். பதினேழு தேதிகள். எதற்காகக் குறித்தேன் என்று கேட்டால், என்றைக்காவது யாரிடமாவது சாட்சியாகக் காட்டத்தான்.

கல்லூரி முடித்து வேலைக்கு வந்து பல வருடம் கழித்து, கடந்த இரண்டு வருடமாகத்தான், அம்மாவுக்குத் தெரியாமல் அவர் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். பாசம் என்று சொல்ல முடியாது. அவர் நுரையீரல் கெட்டுப்போய்விட்டது, வீட்டிலேயே ஆக்ஸிஜன் இயந்திரம் வைத்திருந்தார்கள், பதிலைச் சொல்லாமலே போய்விடுவாரோ என்ற பயம். கட்டிலருகே இயந்திரம் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். அவர் என் மார்பைப் பார்ப்பார். "பதினெட்டு. வேகமா நடந்து வந்தியா?" என்பார்.

ஒரு நாள் அத்தை கடைக்குப் போயிருந்தபோது கேட்டேவிட்டேன். "மாமா, அப்பாவை ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

முகத்திலிருந்த மூடியை விலக்கினார். "கை ரெண்டுதானே, குட்டி" என்றார். மூடியைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

பல வருடமாகத் தயாராக வைத்திருந்த பதில் மாதிரி இருந்தது. அவருடைய வலது கை போர்வையின் முனையை அமுக்கிக்கொண்டிருந்தது. எனக்கு அன்று சந்தேகம் கூடியதே தவிர குறையவில்லை.

அவரை எடுத்துப் போன அன்று அவர் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் கடைசி வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். லேட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"நீ அவர் அக்கா பொண்ணுதானே?"

"ஆமா."

"உங்கிட்ட ஒன்னு கேக்கணும்மா. தப்பா நினைக்கக் கூடாது." சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "உங்க மாமா எனக்கு உயிர் குடுத்தவர். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த உடனே பழமும் கையுமா பாக்கப் போனேன். வாசல்லயே நின்னு 'மூச்சு நல்லா வருதா?'ன்னு கேட்டார். 'வருது'ன்னேன். 'அப்போ சரி, போய்ட்டு வாங்க'ன்னு உள்ள போய்ட்டார். இருபத்தொரு வருஷம், ஒரு நாள்கூட என்னை முகம் பாத்துப் பேசினதில்ல. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"எனக்கு ஒரு சந்தேகம். சொன்னா சிரிப்ப. என்னைப் பாக்கும்போதெல்லாம், ஏமாந்துட்ட ஆள் பாக்கற மாதிரியே பாப்பார்."

நான் சிரிக்கவில்லை. அந்த வார்த்தை என்னவோ செய்தது. 'ஏமாந்துட்ட ஆள்.'

முன் வரிசையில் மீட்பு நிலையத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர், அவரிடம் பயிற்சி எடுத்தவர்கள், தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் வருகிற அடக்கிய சிரிப்பு.

"என் கையில இன்னும் தழும்பு இருக்குடா. ஸ்கேலால போட்டது."

"உனக்கு ஸ்கேலு. எனக்குச் சுத்தியல் காம்பு."

"அப்படி எதுக்குங்க அடிப்பார்?" என்று கேட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர் சங்கடத்தோடு சொன்னார்: "கண்ணைக் கட்டி விடுவார்ங்க. கீழே ரெண்டு பொம்மை கிடக்கும். போனவுடனே ரெண்டு பேர் கழுத்தையும் தொட்டு நாடி பாக்கணும், அப்புறம்தான் யாருக்குப் பைன்னு முடிவு பண்ணணும். கழுத்தைத் தொடறதுக்கு முன்னாடி எவனாவது இடுப்பைத் தொட்டுட்டான்னா அவன் செத்தான்."

"இடுப்புல என்ன இருக்கு?"

"லைட்டு பேட்டரி. அதுல அந்தந்த ஆளோட நம்பர் இருக்கும். 'நம்பரை நம்பாதே, ஆளைப் பாரு'ன்னு கத்துவார். வேற எதுக்கும் மனுஷன் குரலை உசத்தினதில்ல."

இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. இருபத்தொரு வருடப் பழக்கம், சந்தேகத்துக்கு மூக்கு கூர்மை. நிலையத்தில் இப்போது அலுவலகம் பார்ப்பவர், அந்தப் புதன்கிழமை தொலைபேசி பார்த்தவர். எல்லாரும் ஃபோன்காரர் என்பார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் மேஜைக்கு முன் போய் நின்றேன்.

"மாமாவோட பொருள் ஏதாவது இருக்கான்னு பாக்க வந்தேன்" என்றேன்.

"இருக்கு. ஒரு டம்ளர், ஒரு விசில்." என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுக்கு வந்த மாதிரி தெரியலயே."

"நம்பரைத் தொட்டா ஏன் அடிச்சார்?"

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்தார். தேடவில்லை. அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே அடையாளத்துக்கு ஒரு நூல் வைத்திருந்தார்.

குழு உள்ளே போகும்போது அதன் கேப்டன் தொலைபேசி ஒயரை இழுத்துக்கொண்டே போவாராம். நல்ல காற்று இருக்கிற இடத்தில் உட்கார்ந்து ஃபோன்காரர் கேட்டதைக் கேட்டபடி எழுதுவார். அந்தப் பக்கத்தில் அவர் கையெழுத்து:

'11.20. இருவர். முதல் ஆள் 340. அடுத்த ஆள் 118, மெடிக்கின் மச்சான். 118க்கு பை வைத்தாச்சு.'

அதற்குக் கீழே:

'11.55. 118 மெடிக்கின் மச்சான் அல்ல. வேறு ஆள்.'

118 அப்பாவின் எண். எங்கள் வீட்டில் அந்த எண் இல்லாத பொருள் கிடையாது. சாப்பாட்டு டப்பாவில் ஆணியால் கீறியிருக்கும், சட்டைக் காலரில் நூலால் தைத்திருக்கும். எழுத்துத் தெரிவதற்கு முன்பே அப்பா எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார். இரண்டு கோடு, இரண்டு வட்டம்.

"புகையில நம்ம கையே நமக்குத் தெரியாதும்மா" என்றார் ஃபோன்காரர். "மூஞ்சியெல்லாம் கரி. மாஸ்க் கண்ணாடி வேற வேர்த்து நிக்கும். பேட்டரியில நம்பர் எழும்பி இருக்கும், கட்டை விரலால தடவினா தெரியும். உங்க மாமா உள்ள போறதுக்கு முன்னாடி, யார் யார் உள்ள இருக்காங்கன்னு காட்டற டோக்கன் பலகையைப் பாத்துட்டுத்தான் போனார். 118 இன்னும் வெளிய வரல. அவர் மச்சான். போனவர், முதல்ல கிடந்தவர் இடுப்பைத் தடவினார். 340. விட்டுட்டுத் தாண்டினார். அடுத்தவர் இடுப்பைத் தடவினார். 118. பையை வச்சு அமுக்க ஆரம்பிச்சுட்டார். கழுத்தைப் பாக்கல. ரெண்டு பேரையும் பாக்கணும்ங்கற சட்டம் அவருக்கு மறந்துபோச்சு. வேணும்னேதான் மறந்தார்."

"340 யாரு?"

"உங்கப்பா." தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளினார். "அன்னிக்குக் காலைல அவர் லைட்டை மாத்தி 340ஐ வாங்கியிருக்கார். லைட்டு ரூம்காரர் 118ஐ ரிப்பேர் பண்ணி, ஒரு மணி நேரம் கழிச்சு லேட்டா வந்தவருக்குக் குடுத்துட்டார். பலகையில டோக்கனை மாத்தல. விசாரணையில அதை யாரும் கேக்கல, அவரும் சொல்லல."

தண்ணீரைக் குடித்தேன். அவர் தொடர்ந்தார்.

"முப்பத்தஞ்சு நிமிஷம் அமுக்கிக்கிட்டே தூக்கிட்டு வந்தாங்க. எங்கிட்ட வந்து சேர்ந்தப்ப நல்ல காத்து, நல்ல வெளிச்சம். உங்க மாமா மாஸ்க்கைக் கழட்டிட்டு, 'மச்சான், மச்சான், நான்தான், கேக்குதா?'ன்னு ஒரு கையால முகத்தைத் துடைச்சார். வேற முகம். இன்னொரு கை நிக்கல, அதான் ஆச்சரியம். அந்தக் கை அமுக்கிக்கிட்டே இருந்துச்சு. 'திரும்பப் போறேன்'னார். உருளையில காத்து இல்ல, வந்த குழு உடனே திரும்பக் கூடாது. கேப்டன் விடல. அதுக்கப்புறம் மேல போற வரைக்கும் 'ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு'ன்னு எண்ணிக்கிட்டே போனார், அழுதுகிட்டே."

"அப்பா... அப்போ..."

"கேப்டன் தாண்டி வரும்போது உங்கப்பா கழுத்தைத் தொட்டிருக்கார். நாடி நல்லா இருந்துச்சாம். இடுப்பு டப்பாவைப் போட்டிருந்தார் இல்ல, அதனால. ஆனா இருந்தது ஒரே பை, ஒரே ஸ்ட்ரெச்சர், ரெண்டும் அடுத்தவருக்குப் போயாச்சு. சட்டப்படி ரெண்டு பேரையும் பாத்திருந்தா, பிழைக்க வாய்ப்பு கூட இருக்கறவருன்னு பை உங்கப்பாவுக்குத்தான் போயிருக்கும்." பதிவேட்டை மூடினார். "மச்சானைக் காப்பாத்தணும்னு ஓடினதாலதான் மச்சான் போனார். கேப்டனும் நானும் வாயைத் திறக்கல. உங்க மாமா திறக்க வேண்டாம்னார். 'எங்கக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்'னார்."

"சொல்லலயே."

"ஆமா. மறுநாள் உங்க வீட்டுக்குப் போய்ட்டு வந்தார். 'சொல்லிட்டியா?'ன்னு கேட்டேன். 'இதை எப்பவுமே சொல்ல முடியாது'ன்னார். ஏன்னு கேட்டா எழுந்து போய்ட்டார். அது மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."

எனக்குப் புரிந்தது. அந்த நாற்காலியிலேயே, மாமாவின் டம்ளரும் விசிலும் மடியில் இருக்க, புரிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற மாமா. அப்பா ஏன் லைட்டை மாற்றினார் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. அம்மா அப்போது சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்: மாற்றிக்கொண்டு போங்கள் என்று சொன்னதே அவள்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"நேத்து அங்க போயிருந்த."

"ஆமா."

"கூட்டமா?"

"ம்."

"அந்த லேட்டு வந்தானா? ரெண்டு பேருக்கும் என்ன ரகசியமோ."

ஒரு ரகசியமும் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. மாமாவின் பெயரை இந்த வீட்டில் சுத்தம் செய்துவிட வேண்டும். அது அவருக்கு என்னால் செய்ய முடிந்த ஒரே காரியம். அதே சமயம் லைட்டு என்ற சொல்லே வராமல் சொல்ல வேண்டும். வழி நெடுக அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அம்மா, ஒன்னு சொல்லணும்."

சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன வாக்கியம் என்று உறைத்தது. அம்மாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். பட்டாணியைக் கீழே வைத்தாள்.

"மாமா அப்பாவை விட்டுட்டுப் போகலம்மா. அப்பாவைக் காப்பாத்தத்தான் ஓடியிருக்கார். புகையில ஆள் மாறிப்போச்சு. இன்னொருத்தரை அப்பான்னு நினைச்சுட்டார்."

"யார் சொன்னா?"

"ஃபோன்காரர். பதிவேட்டுல இருக்கு. நானே பாத்தேன்."

"செத்தவனுக்குச் சாதகமா யார் வேணும்னாலும் எழுதலாம்." திரும்பவும் ஒரு பட்டாணியை எடுத்தாள். உரிக்கவில்லை. "அது எப்படிடி ஆள் மாறும்? நம்பர் இருக்குமே. தடவினா தெரியுமே. ரெண்டு கோடு, ரெண்டு..."

நின்றுவிட்டாள்.

இருபத்தொரு வருடமாகத் தீட்டி வைத்த சந்தேகம். அதைத் தப்பான வழியில் விட்டுவிடலாம் என்று நான் நினைத்தது முட்டாள்தனம். அவள் விரல் பட்டாணியின் மேல் நின்றுபோய், வரைபடத்தில் நகர்ந்தது போலவே மெல்ல நகர்ந்தது.  பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"அவன் வாசல்ல வந்து நின்னானே. அப்போ நான் என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?"

"ஞாபகமில்லம்மா. எனக்கு அப்போ பன்னண்டு வயசு."

"பரீட்சைக்கு அவன் வந்து நின்ன தேதியெல்லாம் எழுதி வச்சவ நீ. இது ஞாபகமில்லயா?"

"இல்ல."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இவ்வளவு காலமும் மாமாவின் பேச்சு வரும்போதெல்லாம் அவள் முகத்தில் இருந்தது. முதல் தடவையாக அது என் மேல் இருந்தது. நான் டம்ளரையும் விசிலையும் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீயும் அவனை மாதிரியே வாயை மூடிக்கற" என்றாள்.

மிச்சமிருந்த பட்டாணி முழுவதையும் உரித்து முடித்தாள். அவசரப்படவில்லை. தோலைக் குப்பையில் கொட்டிவிட்டு, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து மேஜைமேலிருந்த விசிலை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வைத்தாள்.

"நாளைக்குக் காலைல என் தம்பி வீட்டுக்குப் போறேன். அவ தனியா இருப்பா," என்றாள். "நீ வர வேண்டாம்."